புது லைனாம்ல!

போன மாசம் அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு சென்னைக்கு ஒரு நாள் ட்ரிப். போன வேலை ஒண்ணே ஒண்ணுதான்: ஐ.சி.எஃப் பக்கத்துல இருக்கிற ரயில் மியூசியம். கடத்தூர்ல இருந்து பொம்மிடி, அங்கிருந்து ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ், விடியக்காலை சென்ட்ரல், நாலு இட்லி, அப்புறம் லோக்கல் பிடிச்சு வில்லிவாக்கம். ராத்திரி அதே வண்டியில ரிட்டர்ன். பையன் ஒன்பதாவது படிக்கிறான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

மியூசியத்தைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. நல்லாவே இருக்கு. பழைய நீராவி இன்ஜின், பெட்டிகளோட மாடல், மரத்தடி நிழல். 1955-ல ஆரம்பிச்ச ஒரு தொழிற்சாலை தன் கதையைத் தானே சொல்லிக்குது. சொல்ல வேண்டியதுதானே! என் கோபம் எல்லாம் நம்ம மேலதான்.

அங்க குழந்தைங்களுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுது. பையன் அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தான். நான் சும்மா இல்லாம, "இதைவிட கொஞ்சம் பெருசா ஒரு ரயில் நம்ம தருமபுரியில ஓடிட்டு இருந்துச்சுடா"ன்னேன்.

"போ மாமா, ரீல் விடாத."

ரீல் இல்லைங்க. மொரப்பூர் - தருமபுரி ரயில் பாதை 1906-ல் திறக்கப்பட்டது. அகலம் 2 அடி 6 அங்குலம், அதாவது குறுகிய பாதை. 1913-ல் ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். சொகுசுக்காகவோ, வெள்ளைக்காரத் துரை காத்து வாங்கவோ போட்ட லைன் இல்லை இது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமில்லை. திரும்ப அப்படி ஒரு பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு வழி வேண்டும் என்று பஞ்சப் பாதுகாப்புக்காகப் போட்ட பாதை. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரிக்கும் இதே மாதிரி ஒண்ணு இருந்தது. மெட்ராஸ் - சேலம் பெரிய லைன் 1860-களோட ஆரம்பத்துலயே மொரப்பூர் வழியா வந்தாச்சு. அதுல வர்ற மூட்டையை இறக்கி, சின்ன வண்டியில ஏத்தி, மேற்கே கொண்டு போறது. அதுதான் ஏற்பாடு.

1941-ல மூடிட்டாங்க. இரண்டாம் உலகப் போர் சமயம். நாடு பூரா கிளை லைன்களோட தண்டவாளத்தைப் பிடுங்கி யுத்தத்துக்கு அனுப்பின காலம் அது. முப்பத்தஞ்சு வருஷம் ஓடின ரயில், காலி.

அதே 2 அடி 6 அங்குல அகலத்துலதான் கால்கா - சிம்லா ரயில் இன்னிக்கும் ஓடுது. அது 1903-ல திறந்தது, நம்மளுதுக்கு மூணே வருஷம் மூத்தது. 2008-ல யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சுது. நம்ம ரயிலுக்கு? மொரப்பூர் ஸ்டேஷன்ல நான் ஏறி இறங்கின இத்தனை வருஷத்துல, "இங்கிருந்து ஒரு வண்டி போச்சு"ன்னு ஒரு தகரப் பலகை கூட என் கண்ணுல பட்டதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். மறுநாள் காலையில ஊர்ல டீக்கடையில இதைப் பத்திப் பேச்சு வந்துச்சு. ஒரு அண்ணன் பெருமையா சொல்றார்: "மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்குப் புது லைன் வருதுப்பா. நம்ம ஜில்லாவுக்கு இவ்ளோ பெரிய திட்டம் கிடைச்சதே பெருசு."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. எதுங்கண்ணா புதுசு?

36 கிலோமீட்டர். 2016-17 பட்ஜெட்ல அனுமதி, 2019-ல அடிக்கல். இன்னும் வண்டி ஓடல. தருமபுரிக்காரன் மெட்ராஸுக்கு ரயில் ஏறணும்னா இன்னிக்கும் பஸ்ஸைப் பிடிச்சு மொரப்பூர் வந்துதான் நிக்கணும். பக்கத்துல இருக்கிற தருமபுரி ஸ்டேஷன் சேலம் - பெங்களூர் லைன்ல கிடக்கு. 1906-ல இருந்த இணைப்பு இப்ப இல்ல. இதுக்குப் பேர் "புதிய பாதை".

ரயில்வேக்காரன் கணக்குல அப்படி எழுதிக்கட்டும், அதுல எனக்குச் சண்டை இல்லை. இது அகலப் பாதை, போற வழியும் வேற, பழைய தண்டவாளம் எதுவும் மிச்சமில்லை, அதனால அவனுக்கு அது புதுசு. பழைய லைன் போன இடத்துல வீடு வந்தாச்சு, ரோடு வந்தாச்சு. நிலம் எடுக்கவே வருஷக்கணக்கா இழுக்குதுன்னா அதுக்கும் எண்பது வருஷம் சும்மா விட்டதுதானே காரணம்? ஆனா நம்ம வாயில எதுக்குப் "புதுசு" வரணும்?

தனுஷ்கோடியைப் பாருங்க. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட போச்சு அந்த லைன். அதுக்கும் 2019-லதான் அடிக்கல் நாட்டினாங்க. யாராவது "தனுஷ்கோடிக்குப் புது லைன்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "மறுபடியும் ரயில்"னுதான் சொல்றான் ஒவ்வொருத்தனும். அவன் மறக்கல. அதனால கேக்கும்போது உரிமையாக் கேக்கறான். நாம மறந்துட்டோம். அதனால எடுத்ததைத் திருப்பிக் கேக்கறதுக்குப் பதிலா, என்னவோ தானம் வாங்குற மாதிரி கையேந்தி நிக்கிறோம். எலெக்ஷனுக்கு எலெக்ஷன் யாராவது வந்து "நான்தான் கொண்டு வந்தேன்"னு சொன்னா கைதட்டவும் செய்றோம். (எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, பாகுபாடே கிடையாது!)

"பழைய இரும்பைப் பத்திப் பேசி என்னப்பா ஆகப்போகுது, சோறு போடுமா?"ன்னார் அந்த அண்ணன். அண்ணே, அந்த லைனைப் போட்டதே சோத்துக்குத்தான்.

மியூசியம் கட்டுங்கன்னு நான் கேக்கல. மொரப்பூர் பிளாட்பாரத்துல ஒரு பலகை. "1906 - 1941, தருமபுரி வழி ஓசூர்". அவ்வளவுதான். ஒரு பெயின்டரும் ஒரு நாளும் போதும். பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒரு பத்து நிமிஷம் சொன்னா இன்னும் நல்லது. நம்ம பையன் மெட்ராஸ் வரைக்கும் போய் அடுத்தவன் இன்ஜின் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறான், சொந்த ஊர் ரயிலைச் சொன்னா ரீல்ங்கறான். தப்பு அவன் மேல இல்ல.

இன்னொரு விஷயம். 1941-ல பத்து வயசுல அந்த வண்டியைப் பார்த்தவங்க இப்ப தொண்ணூறைத் தாண்டியிருப்பாங்க. எத்தனை பேர் மிச்சம்? நான் இத்தனை வருஷமா ஒருத்தர்கிட்டயும் போய்க் கேட்டதில்ல. திட்டுல என் பங்கையும் வாங்கிக்கிறேன்.

மொரப்பூர் பக்கம் ஒரு பெரியவர் இருக்காராம், தொண்ணூத்தஞ்சு வயசாம். வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். பையன் நோட்டு எடுத்துட்டு வர்றேன்னுட்டான். காது சரியாக் கேக்காதுன்னு சொன்னாங்க. பரவால்ல, சத்தமாக் கேட்டுக்கலாம்.