கடலுக்கு உண்டு, மலைக்கு இல்லையா?

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். தடை போடுவது அரசு. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருவதும் அரசு. 2020-ல் அது 5,000 ரூபாயாக இருந்தது, பிறகு 8,000 ஆனது. இது எந்த மூலைக்கு என்று மீனவர்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தை யாரும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ஏறக்குறைய அதே வாரங்கள்தான் நீலகிரிக்கும் சீசன். 2020-லும் 2021-லும் கொரோனாவுக்காக அந்த சீசனை நிறுத்தியது அரசு. நிறுத்தியது தவறென்று நான் சொல்லவில்லை. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்ந்திருந்தால் எங்கள் ஆஸ்பத்திரிகள் தாங்கியிருக்காது. ஆனால் கடையை மூடச் சொன்ன அரசு, கடைக்காரருக்குக் கையில் கொடுத்தது என்ன? கடன்.

குன்னூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். சாக்லேட் கடை, வர்க்கி கடை, தைலமும் தேயிலைத்தூளும் விற்கும் கடை, நாலு அறை காட்டேஜ் என்று எல்லாருடைய பேரேடும் என் மேஜைக்கு வரும். மலைக்கடையின் வருஷம் சமமாக ஓடாது. மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து சாக்லேட் கட்டிகள், முந்திரி, பாதாம், அச்சடித்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் வந்து இறங்கும். பாதிப் பணம் ரொக்கம், மீதி 'மே முடிஞ்சு தர்றேன்' என்ற வாய்ச்சொல். ஏப்ரல், மே இரண்டு மாத வியாபாரத்தில்தான் மொத்த வியாபாரிக்குப் பாக்கி, கடை வாடகை, ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அப்புறம் மழை மாதங்களின் சாப்பாடு. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் ஒன்று வரும். அது ஊறுகாய் மாதிரி, சோறு ஆகாது.

2020 மார்ச் 25-ல் நாடு அடைக்கப்பட்டபோது சரக்கு வந்து இறங்கியிருந்தது. என் பேரேட்டில் 'சேதாரம்' என்று ஒரு தலைப்பு உண்டு. எலி கடித்தது, மழையில் நனைந்தது என்று வழக்கமாகச் சில நூறு ரூபாய் அதில் ஏறும். அந்தக் காலாண்டில் ஒரு சாக்லேட் கடைக்கு விற்பனையைவிடப் பெரிய தொகையைச் சேதாரத்தில் எழுதினேன். வெள்ளை பூத்துப்போன சாக்லேட்டைத் தட்டுத் தட்டாக எடுத்துக் கொட்டிவிட்டு, 'பெட்டியை மட்டும் சேதாரத்துல எழுதாதீங்கண்ணா, அடுத்த வருஷத்துக்கு ஆகும்' என்றார் கடைக்கார அம்மா. அடுத்த வருஷமும் ஆகவில்லை. 2021 ஏப்ரல் 20-லிருந்து சுற்றுலாப் பயணிகள் மலைக்கு வரத் தடை.

2020 மே 13-ல் மத்திய நிதியமைச்சர் 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். அடமானம் வேண்டாம், வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டாது, முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். காதுக்கு இனிமைதான். ஆனால் யாருக்கு, எவ்வளவு? 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் பெயரில் எவ்வளவு வங்கிக் கடன் நிலுவையோ, அதில் 20 சதவீதம். 5 லட்சம் பாக்கி வைத்தவருக்கு இன்னும் ஒரு லட்சம். கடனே வாங்காமல் சொந்தப் பணத்தில் கடை நடத்தியவருக்கு ஒன்றுமில்லை. ஒழுங்காகக் கட்டிக் கடனைக் குறைத்து வைத்தவருக்கு அதற்கேற்பக் குறைவு. அந்தத் தேதியைப் பாருங்கள்: பிப்ரவரி கடைசி. மலைக்கடைக்காரர் சீசன் சரக்குக்காக வங்கியிலிருந்து பணம் எடுப்பதே மார்ச்சில்தான். டெல்லியில் தேதி குறித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அந்த ஓராண்டு விலக்கு முடிந்து அசல் தவணை தொடங்கிய 2021 நடுவில், அந்த ஆண்டின் கோடை சீசனும் போயிருந்தது. தவணைக் காலத்தைப் பிறகு நீட்டித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் போன சீசன் போனதுதான். மே மாதம் வராத பயணி டிசம்பரில் இரண்டு மடங்கு சாக்லேட் வாங்கப் போவதில்லை. கடன் என்பது தள்ளிப்போன வருமானத்துக்கு மருந்து. இல்லாமலே போன வருமானத்துக்கு அது இன்னொரு நோய்.

பழைய வங்கிக் கடன்களுக்கு ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு இருந்ததே என்பீர்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு திருப்பிக் கொடுத்தது. 10 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டால், அப்படித் திரும்பி வருவது சுமார் 525 ரூபாய். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது, ஆனால் அது நகர்ப்புறத்தில் விற்பவர்களுக்கு. ஊராட்சி எல்லைக்குள் காட்சிமுனைப் பாதையில் வேகவைத்த சோளமும் கேரட்டும் விற்பவர் எந்த நகர்ப்புறம்? 2021 ஜூனில் அங்கீகாரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரை கடன் என்றார்கள். இங்கே வழிகாட்டி என்பவர் பெரும்பாலும் டாக்சி டிரைவர்தான். அவரிடம் எந்த அங்கீகார அட்டை இருக்கிறது?

உண்மையில் அந்த இரண்டு ஆண்டுகளில் மலைக்கடைகளைத் தாங்கியது வீட்டுப் பெண்களின் கழுத்தும் கையும். 2020 ஆகஸ்டில் பவுன் 40,000 ரூபாயைத் தாண்டி நின்றது. அதே மாதம் 6-ம் தேதி, நகை மதிப்பில் 75 சதவீதமாக இருந்த கடன் வரம்பை வங்கிகளுக்கு 90 சதவீதமாக உயர்த்தியது ரிசர்வ் வங்கி. உங்கள் நகையை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடகு வைக்கலாம் என்பதும் ஒரு நிவாரணமாம்! 2021-ல் மாநில அரசு 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவித்தபோது, அது கூட்டுறவு நிறுவனங்களில் வைத்த நகைக்கு மட்டும். அவசரத்துக்கு அடகுக்கடைக்கு ஓடியவர்களின் நகை அங்கேயே இருந்தது. சிலருடையது ஏலத்துக்கும் போனது.

தேயிலை மட்டும் அப்போது தப்பித்தது. அசாமில் உற்பத்தி சரிந்ததால் 2020-ல் பசுந்தேயிலைக்கு இங்கே நல்ல விலை வந்தது. சிறு விவசாயி கையில் புரண்ட அந்தக் காசுதான் எங்கள் மளிகைக் கடைகளையும் மூடாமல் வைத்தது. சுற்றுலாவை நம்பியவருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2021 ஆகஸ்டில் ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் வாடகை பாக்கிக்காகக் கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பாக்கியில் பழைய வாடகை உயர்வுத் தகராறும் கலந்திருந்தது. இருந்தாலும் வைத்த நேரத்தைப் பாருங்கள்.

பிரிட்டனில் 2020 மார்ச்சிலேயே சிறு கடைகளுக்கு 10,000 பவுண்டு மானியம் அறிவித்தார்கள். உள்ளாட்சிகள், தங்களிடம் இருந்த கட்டட வரிப் பட்டியலை வைத்தே பணம் கொடுத்தன. அவர்கள் பணக்கார நாடு, தொகையில் நாம் போட்டி போட முடியாது. பட்டியலில் போட்டி போடலாமே? உள்ளாட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வணிக மின் இணைப்பு, டாக்சி பெர்மிட் ஆகிய நான்கும் அரசிடமே இருக்கின்றன. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் போலிக் கடை எது, உண்மைக் கடை எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். என்னைப் போன்ற கணக்கெழுத்தர்களைக் கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவோம்.

கொரோனா முடிந்த கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ். 2025 சீசனில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. மலையின் நன்மைக்கு இது வேண்டும் என்பதே என் கருத்து. நிலச்சரிவில் பாதை அடைபடுவதும் எங்களுக்குப் புதிதல்ல. சீசன் நாட்களை அரசு நிறுத்த வேண்டிய நிலை மறுபடி வரும்.

அதனால் மாநில அரசிடம் கேட்பது இது: ஏப்ரல் முதல் ஜூன் வரை, அரசு உத்தரவால் மலைக்குப் பயணிகள் வரத்து நிறுத்தப்பட்டால், உள்ளாட்சி உரிமம் உள்ள சிறு கடைகளுக்கும் பெர்மிட் உள்ள டாக்சிக்காரர்களுக்கும் நேரடி நிவாரணம், உள்ளாட்சிக் கடைகளுக்கு அந்த மாத வாடகை ரத்து. இதற்கு இப்போதே ஓர் அரசாணை வேண்டும். தொகை மீனவர்களுக்குத் தரும் அதே 8,000 ரூபாயாக இருந்தாலும் சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அரசாணை வரட்டும்.