வேலி தடுக்காத பகை

பிலிமத்தலாவையின் வீட்டுத் தோட்டங்களைக் காண்போர், இவை தோட்டங்களா காடுகளா என ஐயுறுவர். பலாவும் தென்னையும் கித்துளும் ஓங்கி நிற்கின்றன. மரத்தைத் தழுவி மிளகுக்கொடி ஏறுகிறது. நிழலிலே கோப்பியும் கராம்பும் செழிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மக்கள் தம் கையால் வளர்த்த காடுகள் இவை.

பலாவைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டுமென்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி. கோடரிக்குக் கட்டுப்பாடு உண்டு, நன்று. ஆனால், பூச்சியும் பூஞ்சணமும் எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை!

மலைநாடு இதனை ஒருமுறை பட்டறிந்தது. 1869இல் கோப்பி இலைகளிலே துருநோய் தோன்றியது. அதனை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் 1880இல் இங்கு வந்தார். காற்றிலே பரவும் பூஞ்சண வித்துகளே நோய்க்குக் காரணமென அவர் நிறுவிய வேளையில் காலம் கடந்துவிட்டது. மலைக்கு மலை ஒரே பயிராக நின்ற கோப்பி அழிந்தது. தமிழகத்திலிருந்து வந்து அத்தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரின் வாழ்வும் அதனோடு ஆட்டங்கண்டது.

பலவகை மரங்கள் கலந்து நிற்பதே நம் தோட்டங்களின் முதற் காவல். இன்றைய சந்தை விலையை நம்பி எல்லாவற்றையும் வெட்டி ஒரே பயிரை நடுவோர், அக்காவலைத் தாமே நீக்குகின்றனர்.

எனினும், அது மட்டும் போதாது. 2020இல் அண்டை மாவட்டமாகிய கேகாலையில் மஞ்சட்புள்ளி வெட்டுக்கிளிகள் பெருகியபோது, அவை எவருடைய எல்லைக் கல்லையும் மதிக்கவில்லை. ஒருவர் தம் காணியைப் பேண, அயலவர் தம் காணியைக் கைவிட்டால் பயன் என்ன? உத்தியோகத்தின் பொருட்டு நகரில் வாழும் கற்றோர், ஊரிலுள்ள தம் காணியை நோயின் உறைவிடமாக்குவது அறமாகாது. வாடிய மிளகுக்கொடியை வேரோடு அகற்றுதல், நீர் தேங்காது வடிகால் அமைத்தல், நோயற்ற நாற்றுகளையே வாங்குதல் ஆகியவற்றை அயலவர் அனைவரும் கூடிச் செய்தல் வேண்டும்.

அரசுக்கும் கடமையுண்டு. தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1999 முதல் உளது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களோ அருகிலுள்ள கன்னொறுவையிலேயே இருக்கின்றன. அவற்றின் அறிவு ஏட்டில் உறங்கலாகாது. எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் உழவர் கையை எட்டுதல் வேண்டும். அலுவலர் தோட்டத்துக்கு வந்து மரத்தைப் பார்த்தல் வேண்டும்.

நோய்க்கு மொழியில்லை, வேலியுமில்லை. அதனைத் தடுக்கும் முயற்சியிலும் அவை குறுக்கே நிற்றலாகாது.