முதலில் டயர், பிறகுதான் சங்கிலி

  இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். உங்கள் டீச்சர் என்றைக்குத்தான் சுருக்கமாகப் பேசியிருக்கிறேன்! பொறுமையாகப் படியுங்கள். சொந்தமாக ஜீப் வைத்திருப்பவர்களும், ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்களும் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் டயரைப் பற்றிப் பேசினார்கள். காலையில் கனடாவிலிருந்து என் அண்ணன் மகன் கூப்பிட்டான். மாண்ட்ரியலில் வேலை. "அத்தை, நாலு டயரையும் மாத்திட்டேன். பனிக்கால டயர் போட்டாச்சு" என்றான். இருக்கிற டயர் நன்றாகத்தானே இருந்தது, எதற்கடா வீண் செலவு என்று கேட்டேன். "இங்க அது சட்டம் அத்தை" என்றான். அவன் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குப் பனிக்கால டயர் கட்டாயம். பனிக்கால டயர் கட்டாயம் என்பது 2008-லேயே வந்துவிட்டதாம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். இப்போது தினமும் விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்பக் கூட்டி வருகிறான். வந்தவன் காபியைக் குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கைமாற்றாகக் கொஞ்சம் பணம் வேண்டும். எதற்கு என்றேன். "சங்கிலி வாங்கணும் டீச்சர். தோட்டத்துக்குள்ள போற பாதை ஒரே சகதி. பின்சக்கரத்துல சங்கிலி சுத்தாம வண்டி ஏற மாட்டேங்குது. சங்கிலி இல்லேன்னா வேற ஜீப் பாத்துக்குறேன்னு கங்காணி சொல்லிட்டாரு."

நான் எழுந்து போய் வண்டியைப் பார்த்தேன். நான்கு டயரிலும் பட்டன் தேய்ந்து கிடந்தது. பின்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட மொட்டை. "இதோட மெட்டு ஏறுறியாடா?" என்றேன். "இன்னும் ரெண்டு மாசம் ஓடும் டீச்சர்" என்றான்.

டயருக்குத்தான் பணம் தருவேன், சங்கிலிக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது சரியா என்று யோசித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பாடம். தமிழில் நமக்குப் பனி என்று ஒரே சொல். மார்கழியில் புல்லில் சொட்டுவதும் பனி, போடிமெட்டில் எதிரே வரும் வண்டியை மறைப்பதும் பனி, மூணாறு பக்கம் சில வருடங்கள் ஜனவரியில் தேயிலைச் செடி மேல் உப்புத் தூவினாற்போல் உறைவதும் பனி, கனடாவில் முழங்கால் அளவு கொட்டுவதும் பனி. சொல் ஒன்றுதான். ஆனால் சக்கரத்துக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு. ஆகவே டயரா சங்கிலியா என்று கேட்பதற்கு முன்னால், சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பனிக்கால டயர் என்பது வேறு வகை ரப்பர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயர் இறுகிப்போய் தரையைப் பிடிக்காது. பனிக்கால டயர் குளிரிலும் மெதுவாகவே இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறினாற்போல் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் அதே டயரை ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே போடியில் யாரும் அதைத் தேட வேண்டாம்.

சங்கிலி வேறு விஷயம். அது டயருக்கு மேலே மாட்டும் இரும்பு வலை. ஆழமான பனியிலும் சேற்றிலும் அது தரைக்குள் இறங்கிப் பிடிக்கும். அந்த இடத்தில் எந்த டயரும் அதற்கு ஈடாகாது. ஆனால் எந்தச் சக்கரத்தில் மாட்டுகிறோமோ அந்தச் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு. பின்சக்கரத்தில் மாட்டினால் வண்டி ஏறும். முன்சக்கரம் மொட்டையாக இருந்தால், ஸ்டியரிங் திருப்பும்போது வண்டி திரும்புமா என்பதற்குச் சங்கிலி பொறுப்பில்லை. ஜெர்மனியில் சங்கிலி மாட்டிய வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. வெறும் தார்ச்சாலையில் சங்கிலியோடு ஓட்டினால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே இரும்பு வந்துவிடுகிறது, பிடிப்பு குறைகிறது. கண்ணி அறுந்து பிரேக் குழாயில் அடித்தால் கதை முடிந்தது.

ஆகவேதான் பனிநாட்டுக்காரர்கள் இரண்டையும் எதிரெதிராக வைப்பதில்லை. டயர் காலத்துக்கு, சங்கிலி இடத்துக்கு. குளிர்காலம் முழுவதும் டயர் சக்கரத்திலேயே இருக்கும். சங்கிலி டிக்கியில் கிடக்கும். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் சங்கிலி மாட்டிய சக்கரம் வரைந்த நீல வட்டப் பலகை வந்தால் எடுத்து மாட்டுவார்கள், தாண்டியதும் கழற்றுவார்கள். நம் நாட்டில் மணாலி போனவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். 2020 அக்டோபர் 3-ல் திறந்தார்களே 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, அந்தப் பக்கம் பனி கொட்டும் நாட்களில் நான்கு சக்கர இழுவை வண்டியையும் சங்கிலி மாட்டிய வண்டியையும் மட்டுமே போலீஸார் விடுகிறார்கள். சுற்றுலா போகும் பிள்ளைகள் இங்கிருந்து ஓட்டிப் போகும் காரில் வீரம் காட்டாமல் உள்ளூர் டிரைவரின் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் மலைக்கு வருவோம். முந்தலில் இருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை மாதம் வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். முன்பாதியில் கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, பின்பாதியில் நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, ஜீப்புகள் அதிகமாக ஓடும் மாதங்களும் மழை மாதங்களும் ஒன்றேதான். விடியும் முன்னே மூடுபனி, ஈரத் தார், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இங்கே சக்கரத்துக்கு அடியில் இருப்பது தண்ணீர். தண்ணீரைச் சமாளிக்க வேண்டியது பட்டன்களுக்கு நடுவே இருக்கும் வாய்க்கால். டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அகலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அப்படி நான்கு உள்ளங்கைகள்தான் அத்தனை பேரையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வாய்க்கால் தேய்ந்துவிட்டால் தண்ணீர் ஒதுங்க வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே தங்கும். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி சறுக்கத்தான் செய்யும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இறக்கத்தில் இன்னும் கூடும்.

அதனால் என் கணக்கு இதுதான். தினமும் ஏறி இறங்கும் ஈரத் தார்ச்சாலை முழுவதற்கும் டயர் வேண்டும். தோட்டத்துக்குள் இருக்கும் அந்த ஒன்றரை கிலோமீட்டர் சகதிக்கு மட்டும் சங்கிலி வேண்டும். சகதியில் வண்டி சிக்கினால் இறங்கித் தள்ளலாம். வளைவில் சறுக்கினால் இறங்குவதற்கு இடமில்லை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாறு வருடங்களுக்குள் நடந்தது. ஒரு மழைநாளில் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் சித்தப்பா வந்து அவளை வெளியே அழைத்துப் போனார். அவளுடைய அம்மா போன ஜீப் வளைவில் சறுக்கிப் பாறையில் மோதியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வண்டியின் டயர் மொட்டை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் படுத்திருந்தார். பிள்ளை வீட்டில் இல்லை. அம்மாவுக்குப் பதிலாகக் காய் எடுக்கப் போயிருந்தாள். அதே மலைக்கு, வேறொரு ஜீப்பில். மூன்று முறை போய்க் கேட்டேன். திரும்பக் கூட்டி வர முடியவில்லை. கணக்கில் அவளுக்குக் குறைந்து எண்பது மார்க் வரும். இன்று அவள் இதைப் படிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. படித்தால், அம்மா, டீச்சரை மன்னித்துக்கொள். இன்னும் ஒருமுறை வந்து கேட்டிருக்க வேண்டும்.

சரி, ஜீப்காரப் பிள்ளையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான்கு டயருக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குதான் சங்கிலிக்கு. அவன் வேலையை வைத்திருப்பது சங்கிலி, டயர் அல்ல. டயர் மொட்டை என்று எந்தக் கங்காணியும் வண்டியைத் திருப்பி அனுப்பியதில்லை. தோட்டத்துக்குள் வண்டி வரவில்லை என்றால்தான் அனுப்புகிறார்கள். இதை அவனுடைய தவறு என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இங்கேதான் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் என் மாணவர்கள், சிலர் என் சொந்தக்காரர்கள், உரிமையோடு சொல்கிறேன். சகதிப் பாதை உங்கள் தோட்டத்துப் பாதை. அதற்கு வேண்டிய சங்கிலி உங்கள் தோட்டத்துச் சாமான். மருந்தடிக்கும் பம்பு வாங்கி வைப்பதுபோல இரண்டு ஜோடி சங்கிலி வாங்கிக் கேட்டில் வையுங்கள். வண்டி வந்ததும் மாட்டட்டும், திரும்பும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். சங்கிலியோடு தார்ச்சாலையில் ஓட்டும் கெட்ட பழக்கமும் தானாக நின்றுவிடும். டயர் வாங்கும் டிரைவருக்கு முன்பணம் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல டயர் இருக்கிறதா என்று பார்த்து வண்டி பேசுங்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்குப் போகும் காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்து விலை சொல்கிறோம். அந்தக் காயை எடுக்கிற கைகள் எந்த டயரில் வருகின்றன என்று ஒரு நிமிடம் பார்த்தால் என்ன?

ஜீப்பில் போகும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டயரைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அங்கங்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பனிநாட்டில் இதற்கும் முன்பே மாற்றிவிடுவார்கள். ஆஸ்திரியாவில் பனிக்கால டயரில் 4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, எத்தனை நல்ல டயர் போட்டாலும் அளவுக்கு மேல் ஆளை ஏற்றினால் எல்லாம் வீண். இடமில்லை என்றால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். ஒருநாள் கூலி போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் அவனே வந்தான். பணம் கொடுத்தேன். நான்கு டயரும் மாற்றிவிட்டான். சங்கிலி இன்னும் வாங்கவில்லை. மழை பெய்யும் நாட்களில் கேட்டிலேயே இறக்கிவிடுகிறான், பெண்கள் சகதியில் நடந்து போகிறார்கள். அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. சந்தையில் அவர்களில் ஒருவரைப் பார்த்தபோது, என்னால்தான் நடக்கிறீர்கள் என்று சொல்லி வருத்தப்பட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "நடந்தா கால்தான் டீச்சர் வலிக்கும்" என்றார்.

அந்தக் கால் வலியையும் தீர்க்க வேண்டியது யார் என்று மேலே சொல்லிவிட்டேன். அந்தத் தோட்டத்துக்காரரும் இந்தப் பதிவைப் படிப்பார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாராவது அவருக்கு அனுப்பி வையுங்கள்.

மாண்ட்ரியல் மருமகனே, நீயும் டயர் மாற்றியாச்சு என்று தைரியமாக வேகம் போகாதே. நான்கு உள்ளங்கைதான், ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
போடிநாயக்கனூர்