மழை தவறினால் கூலி எங்கே?

பேய்ந்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்று மழையைச் சொல்வார்கள். வாடிப்பட்டி வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்கு இது வெறும் பழமொழியல்ல. வீட்டில் உலை ஏறுமா, ஏறாதா என்ற பிரச்னை.

நம் வயல்கள் இரண்டு பருவமழைகளை நம்பி நிற்கின்றன. மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழை, 1895 முதல் பெரியாறு அணையின் சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேரே கண்மாயை நிரப்புகிறது.

முதல் மழை பிந்தினால், பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்தில் நடவு தள்ளிப்போகிறது. பாவிய நாற்று முற்றுகிறது. நட்டாலும் தூர் கட்டுவதில்லை. பிந்திய பயிரின் அறுப்பு ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்கிறது. கதிர் சாய்ந்து நெல் முளைக்கிறது. ஈரம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால், தளர்வு உத்தரவு வரும்வரை கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இரண்டாவது மழை பொய்த்தாலோ, மேலூர்க் கடைமடை காய்கிறது. திருமங்கலம், பேரையூர் கரிசலில் மானாவாரிப் பருத்தி கருகுகிறது.

2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநில சர்க்கார் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு ரூ. 5,465 நிவாரணம் என்றது.

சிறு விவசாயிக்கு அது போதாது. இன்னும் வேண்டும் என்பதே நம் கட்சி. ஆனால் ஏக்கரே இல்லாதவர்களுக்கு என்ன கணக்கு? நாற்றுப் பறிக்கவும், நடவும், களையெடுக்கவும் போகும் பெண்கள் இழந்த கூலி எந்த அடங்கலில் ஏறியது? எழுத்தில்லாமல் வாரத்துக்கு உழுதவன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது? அவர்களுக்கென்று அன்று அறிவிக்கப்பட்டது, 100 நாள் வேலையை 150 நாளாக்குவது ஒன்றுதான். பஞ்சம் வந்தபின் இரங்கிக் கொடுத்ததை, மழை தவறும் ஒவ்வொரு பருவத்திலும் உரிமையாக்க வேண்டும்.

நாம் கோருவது இதுதான்: நிலமற்றோருக்கும் வாரதாரர்களுக்கும் வறட்சி, வெள்ள நிவாரணத்தில் பங்கு, நடவு நின்ற கிராமத்தில் உடனே வேலை, கூலி, அந்த வேலையைக் கொண்டே கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் தூர்வாரப்பட வேண்டும், தண்ணீர் திறக்கும் நாள் நாற்றுப் பாவுவதற்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும்.

மில் தொழிலாளித் தோழர்களே! வயலில் நெல் அழிந்தால் உங்கள் தெருவில் அரிசி விலை ஏறுகிறது. ஊரில் கூலியிழந்த அண்ணனும் தங்கையும் உங்கள் மில் வாசலில்தான் வேலை கேட்டு நிற்பார்கள். அதைக் காட்டி முதலாளி உங்கள் கூலியைக் குறைக்கப் பார்ப்பான். ஆகவே இது உங்கள் போராட்டமும்தான்.

மழையை நிறுத்தவோ வரவழைக்கவோ நம்மால் ஆகாது. அதன் பாரம் முழுவதும் இல்லாதவன் தலையில் விழுவதை நிறுத்த முடியும். அதற்குக் கிராமந்தோறும் சங்கம் வேண்டும். சேருங்கள், தோழர்களே!