விழுற பக்கமே திருப்பு!

எனக்கு 26 வயது. போன மாதம்வரை சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஆபீஸில் இதைச் சொன்னபோது பக்கத்து சீட் அண்ணன் சிரித்துவிட்டார். "புதுக்கோட்டைப் பொண்ணு பேசுற பேச்சா இது?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், பால்வாடி டீச்சர்கள், கிராம நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் போனதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தச் சமயத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் என்ன, ஜென்ட்ஸ் சைக்கிளே தேவலை, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே என்று சொன்னவர்களும் உண்டாம். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

அப்போது பழகியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. 15 வயது. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாடகை சைக்கிளில். அவள் பெற்ற மகளான நான், 9 வயதில் ஒருமுறை முள்வேலியில் விழுந்ததோடு சரி. பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளை, மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் பையன்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "அதுக்கென்ன, வண்டி நமக்கு ஆவும்" என்று வாங்கித் திண்ணையில் சாத்தினார்.

அன்றிலிருந்து அது அப்பாவின் வண்டி. வீட்டில் இரண்டு மாடு. காலையில் பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். ஆறடி மனிதர், மகளின் பள்ளிக்கூட லேடீஸ் சைக்கிளில். ஒன்பது வருஷம்.

போன ஐப்பசியில் அப்பா இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாளே நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். பொங்கலுக்கும் போகவில்லை. "லீவு தரமாட்டேங்கிறாங்கம்மா" என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை. திண்ணையில் அந்த சைக்கிள் நிற்குமே, அதை எப்படித் தாண்டி உள்ளே போவது?

ஆறு மாதம் கழித்துப் போனேன். அம்மாவுக்கு முட்டிவலி, பெடல் மிதிக்க முடியவில்லை. கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்துதான் போய்வருகிறாள். என்னைப் பார்த்து அழவுமில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. சாயங்காலம் டயருக்குக் காற்றடித்துவைத்து, "வாடி, கத்துக்க" என்றாள்.

கோயிலுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் களத்துமேடு. சீட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு அம்மா நொண்டி நொண்டிக் கூடவே வந்தாள். வண்டி இடது பக்கம் சாயும். நான் பயந்து ஹேண்டில்பாரை வலது பக்கம் வெட்டுவேன். தொப்பென்று விழுவேன். இரண்டு நாளும் இதே கதை. முழங்கையில் தோல் போனது. வேடிக்கை பார்த்த வாண்டுகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

மூன்றாம் நாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "விழுற பக்கமே திருப்புடி! எதுக்கு அந்தப் பக்கம் ஓடுற?"

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. இடது பக்கம் விழப்போகிறவள் இடது பக்கமே திருப்பினால் இன்னும் சீக்கிரம் விழமாட்டேனா? ஆனால் செய்து பார்த்தபோது வண்டி நிமிர்ந்துகொண்டது.

உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடியிருக்கிறீர்களா? குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் கையும் ஓட வேண்டும். அதேதான் இங்கேயும். சாயும் பக்கம் திருப்பினால் சக்கரங்கள் நம் எடைக்கு அடியில் வந்துவிடுகின்றன. எதிர்ப்பக்கம் திருப்பினால் அவை விலகி ஓடிவிடுகின்றன, நாம் இந்தப் பக்கம் விழுகிறோம். ஆளில்லாமல் உருட்டிவிட்டாலும் சைக்கிள் சற்று தூரம் நிமிர்ந்து ஓடுவது எதனால் என்று விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2011-ல்கூட 'சயின்ஸ்' இதழில் அதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அம்மா அதையெல்லாம் படித்தவள் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மாதமாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? துக்கம் ஒரு பக்கம் இழுக்க, சென்னை, ஷிஃப்ட், வேலை என்று எதிர்ப்பக்கமாக வெட்டிக்கொண்டே...

இன்னொன்றும் உறுத்தியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் '67 வயதில் சைக்கிள் கற்ற டால்ஸ்டாய்!' என்று ஒரு கார்டு போட்டேன். லைக்ஸ் அள்ளியது. இப்போது எடுத்து சரிபார்த்தேன். 1828 செப்டம்பரில் பிறந்தவர், 1895 வசந்தத்தில் மாஸ்கோவில் பழகியிருக்கிறார். அப்படியென்றால் 66தான். அந்தத் தப்புகூடப் பரவாயில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய கடைசிப் பிள்ளை வனேச்கா காய்ச்சலில் இறந்திருந்தான். ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அந்த வரியை நான் கார்டில் சேர்க்கவே இல்லை. சோகம் ஷேர் ஆகாது என்று நினைத்திருப்பேன்.

நான்காம் நாள். ஆன்மிகப் பக்கத்துக்கு எழுதும்போது வைணவப் பெரியவர்கள் சொன்ன குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமை அடிக்கடி வரும். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்; பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிப்போகும். பக்தன் எப்படி இருக்க வேண்டும் என்று வடகலைக்கும் தென்கலைக்கும் இதில் பெரிய வாதம். களத்துமேட்டில் எனக்கு இரண்டும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. உள்ளங்கை சிவக்க ஹேண்டில்பாரை நான் குரங்குப் பிடி பிடித்திருந்தேன். பின்னால் அம்மா பூனை. "கைய லூசா விடு, தூரமாப் பாரு" என்றாள். பிடி தளர்ந்ததும் வண்டியின் ஆட்டம் நின்றது. அம்மா பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா? திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். திரும்பினால் விழுவேன். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் மிதித்துக்கொண்டே போவதற்குத்தான் சரணாகதி என்று பெயர் வைத்தார்களோ என்னவோ. எதிரே புளியமரம் வந்ததால் மேற்கொண்டு யோசிக்க நேரமில்லை.

"எப்பம்மா விட்ட?"

"முட்டி வலிச்சுது, விட்டுட்டேன்."

மறுநாள் காலை கேனைக் கேரியரில் கட்டி அம்மா அனுப்பிவைத்தாள். சொசைட்டி வாசலில் ஸ்டாண்ட் போட்டேன். பால் அளக்கிற மாமா சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அளந்து, நோட்டில் அப்பா பேர் போட்ட பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே, வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே அழுதேன். யாரும் தடுக்கவில்லை. ஓர் அக்கா மட்டும் கேனைக் கழுவிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் செயின் கழன்றுவிட்டது. மாட்டத் தெரியவில்லை. கையெல்லாம் கிரீஸ். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த அதே ரோட்டில், அதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலில் நின்ற அம்மா இந்த முறை சிரித்துவிட்டாள்.