ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்த கதை

"எந்த நோய் வந்தா என்னங்க? ராத்திரியோட ராத்திரியா பிபிஇ கிட் தச்சுக் குடுத்த ஊருங்க இது." 2020 கொரோனாவுக்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியும் சொல்கிறார், பவர்டேபிள் டெய்லரும் சொல்கிறார். பெருமைப்படட்டும், உழைத்தவர்கள். ஆனால் அதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை: கிருமிக்கும் விஷவாயுவுக்கும் அரசு முன்கூட்டியே பணம் கொட்ட வேண்டாம், வந்தால் பார்த்துக்கொள்ளலாமாம்.

அந்தக் கிட்டையே எடுத்துக்கொள்வோம். வெட்டித் தைப்பது இந்த ஊருக்கு ஒரு வேலையே இல்லை. ஊசி குத்திய துளைகளில்தான் சிக்கல். நோயாளியின் ரத்தம் அதன் வழியே உள்ளே கசியும் என்பதால் தையல்மேல் சூடான காற்றில் டேப் ஒட்ட வேண்டும். ஒட்டியது தாங்குமா என்று செயற்கை ரத்தத்தை அழுத்தத்தில் செலுத்திப் பார்க்க வேண்டும். முழு உடல் அங்கிகளுக்கு அந்தச் சோதனையைச் செய்யத் தொடக்கத்தில் நாட்டிலேயே கோவை சிட்ரா ஒன்றுதான் இருந்தது. 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் அது. மருத்துவத் துணிகளுக்கென்று அரசு நிதியில் அங்கே ஒரு தனி மையம், கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. அப்போது அதை யார் சீந்தினார்கள்? அது மட்டும் இல்லையென்றால் நாம் தைத்தது வெறும் மழைக்கோட்டு.

தடுப்பூசியில் இந்த வேகமும் நடக்காது. 2008 ஜனவரியில், உற்பத்தித் தரம் போதவில்லை என்று குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் என்ற மூன்று தடுப்பூசி நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்தியது. குறை உண்மைதான். ஆனால் மூன்றுமே அதன் சொந்த நிறுவனங்கள். காலத்தில் சீர்செய்யாமல் விட்டது யார்? உரிமம் திரும்பக் கிடைக்க 2010 ஆனது. செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் எழுந்த மத்திய அரசின் தடுப்பூசி வளாகமோ, 2021 மே மாதம் ஊரே ஊசிக்கு வரிசையில் நின்றபோது ஒரு டோஸ்கூடத் தராமல் கிடந்தது. முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, குத்தகைக்காவது கொடுங்கள் என்று டெல்லியைக் கேட்டார்.

"வராத நோய்க்கு மருந்து வீண்தானே?" என்பார்கள். பையர் ஆர்டர் இல்லாமல் எந்தக் கம்பெனி லைன் ஓட்டும்? கிருமி ஆயுதமாகக்கூடிய ஆந்த்ராக்ஸுக்கான மருந்துக்கு அரசைத் தவிர வேறு பையர் இல்லை. அதனால்தான் அமெரிக்கா 2004இல் பயோஷீல்ட் சட்டம் போட்டு, பத்தாண்டுக்கு 560 கோடி டாலர் ஒதுக்கி, தானே வாங்குவதாக உறுதி கொடுத்தது. முதல் பெரிய ஆந்த்ராக்ஸ் ஊசி ஒப்பந்தம் 2006இல் ரத்தானது. பணமும் காலமும் போயின. இருந்தும் திட்டத்தைக் கைவிடவில்லை. இங்கே கோவிட் தடுப்பூசிக்கென்று 'கோவிட் சுரக்ஷா' திட்டத்தில் 900 கோடி ரூபாய் அறிவித்தது 2020 நவம்பரில். கேரளத்தில் முதல் நோயாளி தெரியவந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது.