பார்க்காத படத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? விருது சீசனும் நம்ம வாட்ச்லிஸ்ட்டும்

ஜனவரியில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்த பத்தாவது நிமிடத்தில் எல்லோரிடமும் கருத்து ரெடி. 'இவரை எப்படி விட்டாங்க?', 'அந்தப் படத்துக்கு இத்தனை பரிந்துரையா, ரொம்ப ஓவர்', 'டைரக்‌ஷன் கண்டிப்பா இவருக்குத்தான்'. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கணிப்புப் போட்டி தொடங்கிவிடும். எக்ஸ் தளத்தில் இரண்டு அணி பிரிந்துவிடும். நடுவில் யாராவது ஒரு அப்பாவி, 'படத்தை எங்க பார்த்தீங்க?' என்று கேட்டால் மட்டும் குரூப் சட்டென்று அமைதியாகிவிடும்.

காரணம் சிம்பிள். பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். டிரெய்லர், ஒரு யூடியூப் விமர்சனம், கேன்ஸில் எத்தனை நிமிடம் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்ற செய்தி, இவ்வளவுதான் கையில் இருக்கும். லெட்டர்பாக்ஸ்டில் வாட்ச்லிஸ்ட் நீண்டுகொண்டே போகும். 'பார்த்தாச்சு' பட்டியல் நகரவே நகராது.

இதை வைத்து ரசிகரைப் போலி என்று திட்டுவது சுலபம். ஆனால் விருது சீசனின் காலண்டரைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அது டிக்கெட் வாங்கிப் படம் பார்ப்பவருக்காகப் போடப்பட்டதே இல்லை என்பது புரியும். ஓட்டுப் போடுபவருக்காகப் போடப்பட்டது. அதனால் 'பார்க்காமலேயே பேசுறாங்க' என்ற குற்றச்சாட்டை ரசிகர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

படம் ஏன் நமக்கு வருவதில்லை?

ஆஸ்கருக்குத் தகுதி பெற ஒரு படம் அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் அமெரிக்காவின் ஆறு பெருநகரப் பகுதிகளில் ஏதாவது ஒன்றில் ஏழு நாள் தொடர்ந்து தியேட்டரில் ஓடினால் போதும். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, சிகாகோ, டல்லாஸ், அட்லான்டா. சிறந்த படத்துக்கான பிரிவுக்கு மட்டும் 97-வது விருதுகளில் இருந்து கூடுதல் நிபந்தனை வந்தது. முதல் வெளியீட்டிலிருந்து 45 நாளுக்குள், அமெரிக்காவின் முதல் 50 சந்தைகளில் பத்திலாவது படம் போய்ச் சேர வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனால் அதுவும் அமெரிக்க ரசிகருக்கான கருணை. நமக்கில்லை.

விளைவு என்ன? வாக்காளர்களின் நினைவில் புதிதாக இருக்க வேண்டும் என்று படங்கள் டிசம்பர் கடைசிக்குத் தள்ளப்படும். லாஸ் ஏஞ்சல்ஸிலும் நியூயார்க்கிலும் சில திரைகளில் எட்டிப் பார்க்கும். பரிந்துரை கிடைத்தால் அந்தப் பெயரை போஸ்டரில் போட்டுக்கொண்டு மற்ற ஊர்களுக்குக் கிளம்பும். 'தி புரூட்டலிஸ்ட்' வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது 2024 செப்டம்பரில். அமெரிக்காவில் டிசம்பர் 20 அன்று ஒருசில தியேட்டர்களில் மட்டும் வந்தது. பத்துப் பரிந்துரைகள் வாங்கியது. இந்தியாவுக்கு வரும்போது பிப்ரவரி கடைசி. விழா மார்ச் 2. இடைவேளை உட்பட 215 நிமிடப் படம் வேறு. வேலைக்குப் போகும் ஒருவர் எந்த நாளில் அதைப் பார்த்து, ஆறப்போட்டு, ஒரு அபிப்பிராயத்துக்கு வருவார்? ஆனால் அபிப்பிராயங்களுக்கு என்னவோ ஜனவரியிலேயே பஞ்சமில்லை.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எல்லோரும் பேசுகிற படம், காசு கொடுத்தாலும் பார்க்க வழியில்லை என்றால் அடுத்த கேள்வி 'லிங்க் இருக்கா?' என்பதுதான். இதில் வேடிக்கை, வாக்காளர்களுக்கு அனுப்பிய பிரதிகளே வெளியே கசிந்த காலம் உண்டு. 2015 டிசம்பரில் குவென்டின் டரான்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' தியேட்டருக்கு வரும் முன்பே அப்படித்தான் இணையத்துக்கு வந்தது. திருட்டுக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் பூட்டிய கதவுக்கு வெளியே இவ்வளவு பேரை நிறுத்திவைத்து விளம்பரம் செய்தால் யாராவது ஜன்னலைத் தேடத்தான் செய்வார்கள்.

ஓட்டுப் போடுறவங்களாவது பார்க்கிறாங்களா?

இதுதான் சுவாரஸ்யமான இடம். 2025 ஏப்ரலில் அகாடமி ஒரு விதியை அறிவித்தது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரையான எல்லாப் படங்களையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். 98-வது விருதுகளில் இருந்து இது அமலுக்கு வந்தது. செய்தியைப் படித்த பலருக்கும் வந்த சந்தேகம் ஒன்றுதான்: அப்போ இத்தனை வருஷமா?

இத்தனை வருஷமாகப் பெரும்பாலான பிரிவுகளில் நம்பிக்கைதான் நிர்வாகம் செய்தது. சர்வதேசப் படம் போன்ற சில பிரிவுகளைத் தவிர, யார் எதைப் பார்த்தார்கள் என்று கேட்க ஆளில்லை. 2014-ல் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' சிறந்த படமாக வென்றபோது, இரண்டு உறுப்பினர்கள் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே அதற்கு ஓட்டுப் போட்டதாகத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டதை 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' எழுதியது. மனதைக் கஷ்டப்படுத்தும் என்று பார்க்கவில்லையாம். ஆனால் படம் பேசும் விஷயம் முக்கியமானது என்பதால் ஓட்டுப் போடுவது கடமை என்று நினைத்தார்களாம். அடிமைமுறையின் கொடுமையைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் கௌரவிக்க முடியும்!

அவர்களை நினைத்தால் வாட்ஸ்அப் குரூப் கணிப்பாளர் எவ்வளவோ மேல். அவருக்குப் படம் கிடைக்கவில்லை. இவர்களுக்கு வீட்டுக்கே வந்தது.

புதிய விதியிலும் ஓட்டை இருக்கிறது. உறுப்பினர்களுக்கென்று இருக்கும் 'அகாடமி ஸ்கிரீனிங் ரூம்' தளத்தில் பார்த்தால் கணக்கில் ஏறும். விழாவிலோ தியேட்டரிலோ பார்த்திருந்தால் ஒரு படிவத்தில் அப்படிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். டிவியில் ஓடவிட்டு கிச்சனுக்குப் போய் தோசை ஊற்றினாலும் தளம் அதைப் 'பார்த்தார்' என்றே குறித்துக்கொள்ளும். அப்படியிருந்தும் விதி வந்தது நல்லதுதான். 'பார்த்திருக்க வேண்டும்' என்பதை எழுத்தில் போட ஒரு அமைப்புக்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகியிருக்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

அந்தத் தளத்தில் படத்தை ஏற்றவும் தயாரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்ட வேண்டும். ஆக, பார்க்கப்படுவதற்கே காசு வேண்டும். 2023-ல் 'டு லெஸ்லி' படத்துக்காக ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்குச் சிறந்த நடிகைப் பரிந்துரை கிடைத்தபோது பெரிய சர்ச்சை. படத்தின் தியேட்டர் வசூல் மொத்தமே சுமார் 27 ஆயிரம் டாலர். பெரிய விளம்பரம் கிடையாது. நடிக நண்பர்கள் போன் போட்டு, மெசேஜ் அனுப்பி, 'தயவுசெஞ்சு பாருங்க' என்று கேட்டார்கள். பிரசார முறை சரியா என்று அகாடமி ஆய்வு செய்து, கடைசியில் பரிந்துரையை ரத்து செய்யவில்லை. மில்லியன் கணக்கில் கொட்டி விளம்பரப் பலகை வைத்தால் வழக்கம், நண்பர்கள் படத்தைப் பார்க்கச் சொன்னால் சர்ச்சை என்பது விசித்திரமான கணக்கு.

2024 செப்டம்பர் சண்டை

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2024 மே மாதம் கேன்ஸில் பாயல் கபாடியாவின் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' கிராண்ட் ப்ரீ வென்றது. செப்டம்பர் 23 அன்று இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஆஸ்கருக்கான இந்தியத் தேர்வாக கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' படத்தை அறிவித்தது. அவ்வளவுதான். நாடே இரண்டாகப் பிரிந்தது.

அந்த நாளில் ஒரு படம் நெட்ஃப்ளிக்ஸில் ஐந்து மாதமாக இருந்தது. இன்னொன்று இரண்டு நாள் முன்பு கேரளத்தில் குறைந்த தியேட்டர்களில் மட்டும் வெளியாகியிருந்தது. இந்தியா முழுக்க வந்தது நவம்பர் 22 அன்று. அதாவது சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து 'பாயலுக்குத் துரோகம் நடந்துடுச்சு' என்று எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 'லாபதா லேடீஸ்தான் சரி' என்று எழுதியவர்களும் அப்படியே. ஒப்பிட இரண்டு படம் வேண்டும். கையில் இருந்தது ஒன்று.

தேர்வுக் குழுவை விமர்சிக்கக் கூடாது என்பதல்ல. உலக விழாக்களில் பேசப்பட்ட படத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்க, படம் பார்த்திருக்கத் தேவையில்லை. வியூகம் பற்றிய கேள்வி அது. ஆனால் 'இதுதான் உயர்ந்த படம்' என்று சொல்லப் பார்த்திருக்கத்தான் வேண்டும். அந்த வாரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பின. சோகம் என்னவென்றால், நவம்பரில் படம் தியேட்டருக்கு வந்தபோது செப்டம்பரில் இருந்த சத்தம் இல்லை. சண்டை போட்டு முடித்தவர்களுக்கு அது பழைய செய்தி.

அதே சீசனில் 'சந்தோஷ்' என்று ஒரு படம். சந்தியா சூரி இயக்கி, வட இந்தியாவில் நடக்கும் ஹிந்திப் படம். பிரிட்டன் சார்பில் போய் கடைசி 15 படங்கள் பட்டியலிலும் இடம்பிடித்தது. இந்தியத் தணிக்கை வாரியம் பெரிய வெட்டுகளைக் கேட்டதால் 2025-ல் இங்கே தியேட்டருக்கு வர முடியவில்லை. யாரைப் பற்றிய படமோ அவர்களே பார்க்க முடியாத படம். இதற்கு ஓடிடி தாமதம், விநியோகச் சிக்கல் என்று சாக்கு சொல்ல முடியாது.

கூழாங்கல் என்ற இரண்டு வருடக் காத்திருப்பு

தமிழ் ரசிகருக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. ஒரு தமிழ்ப் படம் அதை வெல்வது அதுவே முதல்முறை. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்கருக்கான இந்தியத் தேர்வும் ஆனது. ஊரே கொண்டாடியது. 'நம்ம பையன்', 'நம்ம மதுரை மண்ணு' என்று ஸ்டேட்டஸ்கள். படத்தை ஊர் பார்த்தது எப்போது? 2023 அக்டோபர் 27 அன்று, சோனி லிவ்வில். தேர்வாகி இரண்டு வருடம் கழித்து.

வெயிலில் நடக்கும் ஒரு அப்பா, ஒரு மகன், சுமார் ஒன்றேகால் மணி நேரம். பெரிய திரையில், அந்த வறட்சி கண்ணைக் கூசவைக்கிற மாதிரிப் பார்க்க வேண்டிய படம் அது. பெரும்பாலானவர்கள் போனில் பார்த்தார்கள். அதற்குள் 'கூழாங்கல் தெரியுமே, அவார்டு படம்' என்று மூளை கணக்கை முடித்து வைத்திருந்தது. பார்க்காத படத்தைப் பற்றி அதிகம் பேசுவதில் இருக்கும் நிஜ ஆபத்து இங்கேதான். பேச்சே பார்த்த திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. படம் வரும்போது ஆர்வம் செலவாகி முடிந்திருக்கிறது. இதில் நஷ்டம் 'தி புரூட்டலிஸ்ட்'டுக்கு இல்லை. விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னப் படத்துக்குத்தான். அதற்குக் கிடைக்கும் ஒரே விளம்பரம் அந்த விருதுச் செய்தி. அது வெளியாகும் நாளில் டிக்கெட் வாங்க வழி இல்லை என்றால் அந்த விளம்பரம் வீண்.

செழியனின் 'டு லெட்' 2018 ஏப்ரலில் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அடுத்த வருடம் அதே விருதைப் பெற்ற பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படத்துக்கும் 2019 ஆகஸ்டிலிருந்து 2020 பிப்ரவரி வரை காத்திருப்பு.

மாறாக வெற்றிமாறனின் 'விசாரணை'யை எடுத்துக்கொள்ளுங்கள். வெனிஸில் 2015 செப்டம்பர், தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் 2016 பிப்ரவரி, அடுத்த மாதம் தேசிய விருதுகள், செப்டம்பரில் ஆஸ்கர் தேர்வு. அந்தப் படத்தைப் பற்றி நடந்த விவாதங்களின் தரமே வேறு. லாக்கப் காட்சிகள் தேவைக்கு அதிகமா, இரண்டாம் பாதி முதல் பாதியோடு ஒட்டுகிறதா என்று சண்டை போட்டார்கள். ஆஸ்கர் கடைசிப் பட்டியலுக்கு வராதபோது ஏமாந்தார்களே தவிர, எதற்கு ஏமாறுகிறோம் என்று தெரிந்து ஏமாந்தார்கள்.

அப்போ ரசிகர் என்னதான் பண்றது?

'பார்க்காத படத்தைப் பற்றிப் பேசவே கூடாது' என்று சட்டம் போட்டால் சினிமா ரசனையே செத்துவிடும். எதிர்பார்ப்பும் ரசனையின் பாதிதான். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கோ திருவனந்தபுரம் விழாவுக்கோ லீவு போட்டுப் போகிறவர்கள், இப்படிப் பேசிப் பேசி ஆசையை வளர்த்துக்கொண்டவர்கள்தான். ஆனால் ரசிகருக்கு ஓட்டும் இல்லை, கெடுவும் இல்லை. மார்ச் மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் சுமார் 10,000 அகாடமி வாக்காளர்களுக்குத்தான். ரசிகர் தன் டாப் 10 பட்டியலை ஜூலையில் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அப்போது பரபரப்பும் அடங்கியிருக்கும், படங்களும் வந்திருக்கும். 'இன்னும் பார்க்கல, பார்த்துட்டு சொல்றேன்' என்பது ஒரு முழுமையான சினிமா கருத்துதான்.

ஆனால் ரசிகர் பொறுமையாக இருந்தால் மட்டும் கூழாங்கல்கள் தியேட்டருக்கு வந்துவிடாது. தூர்தர்ஷன் காலத்தில் ஞாயிறு மதியம் வாரம் ஒரு மொழிப் படம் போடுவார்கள். தேசிய விருது வாங்கிய வங்காள, மலையாள, கன்னடப் படங்களைப் பலரும் முதலில் பார்த்தது அப்படித்தான். வீட்டில் பெரியவர்களைக் கேட்டால், தூங்கி வழிந்தபடி பார்த்த கதை கிடைக்கும். விருது கொடுத்த அரசே அதை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டது. இன்று அரசிடம் சேனலும் இருக்கிறது, சொந்த ஓடிடி தளமும் இருக்கிறது. விருது அறிவிப்போடு ஒரு திரையிடல் அட்டவணையும் சேர்ந்து வந்தால் என்ன? மாவட்டத் தலைநகரில் ஒரே ஒரு மல்டிபிளெக்ஸ் திரை, ஒரு வாரம், மாலைக் காட்சி. ஆஸ்கருக்குப் படம் அனுப்பும் கூட்டமைப்பும் இதைத் தயாரிப்பாளரிடம் கேட்கலாம். இந்தியாவின் சார்பில் போகிற படத்தை இந்தியர் பார்த்திருக்க வேண்டும் என்பது அதீத ஆசை இல்லையே.

அடுத்த தேர்வு அறிவிப்பு வந்த அன்று மாலையே குரூப்பில் சண்டை தொடங்கிவிடும். அந்த அறிவிப்பில் படத்தின் பெயருக்குக் கீழே எந்தத் தியேட்டர், எந்தத் தேதி என்று ஒரு வரி இருந்தால், சண்டையை ஒரு வாரம் தள்ளிப்போட்டு டிக்கெட் புக் பண்ணலாம்.